குனிந்திருந்த சாட்சி

ருக்கியா நீதிமன்றப் படி ஏறி அறியாதவள். ஏற வேண்டி வரும் என்று நினைத்ததும் இல்லை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் மேல்மாடி வீடு, புறக்கோட்டையில் கணவன் அலவிக்குப் புடைவைக் கடை, கண்ணுக்குக் கண்ணாக ஒரே மகள் ஹபீலா. இவ்வளவுதான் அவளுடைய உலகம். அப்படிப்பட்டவளை ஒரு போக்குவரத்து வழக்கு முக்கால் வருடம் இழுத்தடித்தது. அது அவளுடைய வழக்கும் அல்ல, கீழ்வீட்டு ஸ்ரீஸ்கந்தராசாவுடையது. ஆனால் அவருக்கு அந்த வழக்கு வந்ததே அவளால்தான்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை நடுப்பகல். ஹபீலாவுக்கு நாள் இன்னும் கிடக்கவே பிரசவ நோக்காடு கண்டுவிட்டது. மருமகன் மஹ்ரூப் வேலை விஷயமாகப் புத்தளம் போயிருந்தான். ஜும்ஆ நேரம் என்பதால் அலவி பள்ளிவாசலில் இருந்தார். ஒழுங்கையில் ஒரு முஸ்லிம் ஆண்பிள்ளையைக் காணமுடியாது. முச்சக்கர வண்டி தேடி வாசலுக்கு ஓடிய ருக்கியாவைக் கீழ்வீட்டு ஜன்னலால் கண்ட ஸ்ரீஸ்கந்தராசா வெளியே வந்தார். கட்டட நிறுவனமொன்றில் படம் வரைகிற வேலை அவருக்கு. காய்ச்சலென்று அன்று லீவில் நின்றார். கட்டியிருந்த சாரத்தை மாற்றக்கூட அவர் நிற்கவில்லை. அடையாள அட்டையை மட்டும் மறக்காமல் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டு பழைய டட்சன் காரைக் கிளப்பினார்.

பதிவு வைத்திருந்த ஆஸ்பத்திரி நுகேகொடைப் பக்கம். பாமன்கடைப் பாலத்தை அண்மித்தபோது ஹபீலா அலறத் தொடங்கினாள். பின்சீற்றில் ருக்கியா மகளின் தலையை மடியில் வைத்து, முகத்தோடு முகம் வைத்துக் குனிந்து, வாய் ஓயாமல் ஓதிக்கொண்டிருந்தாள். கார் நின்றது. யாரோ வந்து சிங்களத்தில் ஏதோ கேட்டார்கள். ருக்கியா நிமிர்ந்தபோது, முன் ஜன்னலில் ஒரு இளம் போக்குவரத்துப் பொலிஸ்காரன் நின்றான். வீதித் தடையின் பீப்பாய்களும் மண்மூட்டைகளும் பக்கத்தில் தெரிந்தன.

"கோஹெத யன்னே?" எங்கே போகிறீர்கள் என்று பின் கதவடிக்கு வந்து அவளிடமும் கேட்டான். அவள் சிங்களத்தில் விளக்கினாள். ஹபீலாவைப் பார்த்ததும் அவன் முகம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் கை எழுதுவதை நிறுத்தவில்லை. ஸ்ரீஸ்கந்தராசாவின் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, சிங்களத்தில் எழுதிய தாளொன்றை நீட்டி ஒப்பம் கேட்டான். பிள்ளை கதறிக்கொண்டிருந்தாள். அவர் என்ன ஏதென்று பார்க்காமல் ஒப்பம் வைத்துவிட்டுக் காரை எடுத்தார்.

அன்று அந்திபடுமுன் ஹபீலாவுக்கு ஆண்குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

இரண்டு நாள் கழித்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஸ்ரீஸ்கந்தராசா மேலே வந்தார். அவருக்குச் சிங்களம் வாயில் ஏதோ கொஞ்சம் வரும், கண்ணுக்கு வராது. ருக்கியாதான் வாசித்துச் சொன்னாள். வீதித் தடையில் பொலிஸ் சைகைக்கு நிற்காமல் வாகனத்தைச் செலுத்தினார் என்று எழுதியிருந்தது. நீதிமன்றத்துக்கு வரவேண்டிய திகதி கீழே இருந்தது. திகதிக்குக் கீழே அவருடைய ஒப்பம்.

"அண்ணன், இது எங்களால வந்த வினை," என்றார் அலவி. "தண்டத்த நான் கட்டுறேன். நீங்க ஒரு நாளைக்குப் போய்த் தலையக் காட்டிட்டு வாங்க. அதோட முடிஞ்சிது."

ஸ்ரீஸ்கந்தராசா தலையை அசைத்து மறுத்தார். "லைற்றிலை நிக்கேல்லை எண்டு எழுதியிருந்தால் நானே போய்க் கட்டிப்போட்டு வந்திருப்பன், அலவி. இது வீதித் தடை, பாரியர். பாரியரிலை நிக்காமல் போன தமிழன் எண்டு என்ரை பேரிலை ஒரு பதிவு விழுந்தால், நாளைக்கு எங்கை குண்டு வெடிச்சாலும் முதல் என்னைத்தான் தேடி வருவாங்கள்."

ஏற்கெனவே ஒருமுறை அவரைச் சந்தேகத்தில் பிடித்து மூன்று நாள் வைத்திருந்ததை ஒழுங்கையில் எல்லோரும் அறிவார்கள். வந்த பிறகு அதைப் பற்றி அவர் ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை.

"நான் நிப்பாட்டினனான்," என்றார். "றோட்டிலை போட்ட வெள்ளைக் கோட்டுக்கு இங்காலை நிப்பாட்டினனான். தங்கச்சிக்குத் தெரியும். பின்னாலை இருந்தவ தானே."

அலவி திரும்பி மனைவியைப் பார்த்தார். ஸ்ரீஸ்கந்தராசாவும் பார்த்தார். தன் மகளுக்காகக் காய்ச்சலோடு எழுந்து வந்த மனிதர், வாசல் கதிரையின் நுனியில் அப்பாவியாக உட்கார்ந்திருந்தார். ருக்கியா ஓமென்று தலையை ஆட்டினாள்.

அந்த ஒரு ஆட்டம்தான். அவர் படியிறங்கிப் போன பிறகு, அடுப்படியில் நின்றபடி அவள் அந்தக் கணத்தைத் திரும்பத் திரும்பத் தேடிப் பார்த்தாள். மகளின் வியர்த்த நெற்றி இருந்தது, கடித்துக் காயமான உதடு இருந்தது. தெருவும் கோடும் பொலிஸ்காரனின் கையும் எங்குமே இல்லை. அவள் எதையும் கண்டிருக்கவில்லை.

முதல் தவணைக்கு ஸ்ரீஸ்கந்தராசா தனியே போய் வந்தார். அங்கே நடந்ததை அவரே வந்து சொன்னார். போக்குவரத்து வழக்குகள் சங்கக்கடை வரிசை போல ஓடுமாம். பெயர் கூப்பிடுவார்கள், "குற்றவாளியா, சுற்றவாளியா?" என்பார்கள், குற்றவாளி என்பார்கள், தண்டம் சொல்வார்கள், அடுத்த பெயர். அவர் சுற்றவாளி, குற்றம் செய்யவில்லை என்றதும் வரிசை நின்றுவிட்டதாம். எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாராம். உரைபெயர்க்கிறவர் இன்னொரு தரம் மெதுவாகக் கேட்டாராம், விளங்கித்தான் சொல்கிறீரா என்று.

"விளங்கித்தான் சொல்லுறன் எண்டன்," என்றார். அன்று அவர் முகத்தில் ஒரு மிடுக்கு இருந்தது.

அதற்குப் பிறகு அந்த மிடுக்கு மெல்ல மெல்லக் கரைந்தது. இரண்டாம் தவணையிலிருந்து ருக்கியாவுக்கும் சாட்சி அழைப்பாணை வந்தது. காலையில் குளித்து முழுகி, சேலைத் தலைப்பால் முக்காடிட்டு, அலவியோடு போய்ப் பிற்பகல் வரை வாங்கில் உட்கார்ந்திருந்தாள். பொலிஸ்காரனுக்கு நகரத்தில் பாதுகாப்புக் கடமை என்று வழக்கைத் தள்ளிப்போட்டார்கள். மூன்றாவது தவணையன்று நகரத்தின் கோட்டைப் பகுதியில் எங்கோ குண்டு வெடித்து வீதிகளெல்லாம் மூடிக் கிடந்தன. வழியில் ஒவ்வொரு தடையிலும் இறங்கி ஏறிப் போய்ச் சேர்ந்தபோது நீதிமன்றக் கதவு பூட்டியிருந்தது. வராமல் விட்டாரென்று பிடியாணை போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில், ஸ்ரீஸ்கந்தராசா பூட்டிய கதவின் முன்னால் வெகுநேரம் நின்றார். அடுத்த முறை நீதவான் லீவு.

அனுமதிப்பத்திரம் நீதிமன்றத்தில் கிடந்தது. அதற்குப் பதிலாகக் கொடுத்திருந்த தாளின் தவணை முடிய முடிய, அலுவலகத்தில் லீவு கேட்டுப் போய் நின்று புதுப்பிக்க வேண்டும். தடைகளில் அந்தத் தாளைக் காட்டினால், லைசன் எங்கே, என்ன வழக்கு என்று கேள்வி வரும். வீதித் தடை வழக்கென்று சொன்னதும் காரைத் தலைகீழாகப் புரட்டிச் சோதிப்பார்கள். கடைசியில் அவர் காருக்கு உறை போட்டு மூடிவிட்டு பஸ்ஸில் போகத் தொடங்கினார்.

"எங்கடை லோயர் நாகேந்திரமே சொல்லுறார், குற்றத்தை ஒப்புக்கொண்டு போட்டு நிம்மதியா இரும் எண்டு," என்று ஸ்ரீஸ்கந்தராசாவின் மனைவி சரோஜினிதேவி ஒருநாள் படியடியில் நின்று ருக்கியாவிடம் சொன்னாள். "இவர் கேக்க மாட்டாராம். ருக்கியா கண்டவ, ருக்கியா சொல்லுவா எண்டு அதையே சொல்லிக்கொண்டு இருக்கிறார். நித்திரையிலையும் அதுதான் புலம்பல்."

தான் ஒன்றும் காணவில்லையென்று ருக்கியா அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் எழவில்லை.

அதற்கிடையில் அலவிக்கும் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. வீடுவீடாகப் பதிவு பார்க்க வந்த பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர், தேநீர் குடித்தபடி வெகு சாந்தமாகக் கேட்டாராம், முதலாளி, உங்களுக்கு எதற்கு இவர்களுடைய வழக்கு என்று. அதட்டவுமில்லை, வெருட்டவுமில்லை. ஆனால் அந்தச் சாந்தம் அலவியின் நித்திரையைக் கெடுத்துவிட்டது.

"நாம வியாபாரம் செய்ற ஆக்கள்," என்றார் அன்றிரவு சாப்பிடும்போது. "சுகமில்லண்டு சொல்லி ஒரு டொக்டர் துண்டு எடுத்துக் குடுத்துடுவோம். நீ போகத் தேவல்ல."

"அந்த மனிசன் அப்பிடி ஒரு துண்டு எடுத்துக்கிட்டு வீட்டுக்குள்ள இருந்தாரா?" என்று ருக்கியா கேட்டாள். அலவி கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

விசாரணைக்கு முதல்நாள் ஹபீலா பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தாள். தாய் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உம்மா, நீங்க காணல்ல தானே?"

ருக்கியாவின் கை நின்றது.

"எனக்குத் தெரியும். அன்டைக்கு எனக்கு வேற ஒண்டும் ஞாபகமில்ல, உங்கட முகம் மட்டும்தான். நீங்க என்னயவிட்டுக் கண்ண எடுக்கவே இல்ல."

"இப்ப அத ஏன் கேக்குற?"

"கண்டேண்டு சொல்லிடுங்க உம்மா. அவர் இல்லாட்டி நானும் என்ட புள்ளயும் றோட்டுலதான். அல்லாஹ் மன்னிப்பான்."

இதையே இரண்டு கிழமைக்கு முன் சட்டத்தரணி நாகேந்திரமும் வேறு விதமாகச் சொல்லியிருந்தார். "நீங்கள் குர்ஆனிலை கை வைக்கத் தேவையில்லை அம்மா. உண்மை சொல்லுவன் எண்டு ஒரு உறுதி மட்டும்தான். கார் கோட்டுக்கு இங்காலை நிண்டது. ஒரே ஒரு வசனம். சிங்களத்திலை சொன்னியளெண்டால் நீதவானுக்கு நேரா விளங்கும்."

குர்ஆனைத் தொடாவிட்டால் அல்லாஹ்வுக்குக் கேட்காதா என்று ருக்கியா அப்போது மனதுக்குள் கேட்டுக்கொண்டாள். மகளிடமும் அதைத்தான் கேட்க வாயெடுத்தாள், கேட்கவில்லை. அன்று இஷாத் தொழுகை முடிந்தும் பாயை விட்டு எழும்ப அவளுக்கு மனம் வரவில்லை. பொய் சொன்னால் படைத்தவன் முகத்தில் எப்படி விழிப்பது? மெய் சொன்னால் கீழ்வீட்டு மனிதரின் முகத்தில் எப்படி விழிப்பது? இரண்டு பக்கமும் இடிபடுகிற மத்தளம் போலாகிவிட்டது அவள் நிலை.

மறுநாள் எல்லோரும் வந்திருந்தார்கள். அதிசயமாகப் பொலிஸ்காரனும் வந்திருந்தான். நீதவான் நரை விழுந்த தலையும் தடித்த கண்ணாடியுமாக ஒரு பெண். குளிர்ச்சியில்லாத குரல், ஆனால் அவசரமும் இல்லை.

பொலிஸ்காரன் முதலில் கூண்டில் ஏறினான். எங்கோ தூரத்துக் கிராமத்துப் பையன் என்பது பேச்சில் தெரிந்தது. இராக்கடமை முடித்து நேரே வந்தவனுக்குக் கண் சிவந்திருந்தது. கையைக் காட்டினேன், இரண்டு தரம் விசில் ஊதினேன், வாகனம் நிற்கவில்லை, கோட்டைத் தாண்டிப் போனது, பின்னால் ஓடிப் போய் மறித்தேன் என்று பாடமாக்கியதை ஒப்புவிப்பது போல ஒப்புவித்தான்.

பிறகு ஸ்ரீஸ்கந்தராசா ஏறி, கோட்டுக்கு முன்னால் நிறுத்தினேன் என்று தமிழில் சொன்னார். அவர் சொன்னதை உரைபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொல்ல, நீதவான் குறித்துக்கொண்டார். எதிர்க் கேள்வி அதிகம் இல்லை. ஒப்பமிட்ட தாளைக் காட்டி, இது உம்முடைய கையெழுத்துத்தானே என்று மட்டும் கேட்டார்கள். ஓம் என்றார்.

ருக்கியாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். கூண்டின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உறுதி சொன்னாள். பெயர், ஊர், எத்தனை மணி, எங்கே போனீர்கள் என்றெல்லாம் நாகேந்திரம் சிங்களத்தில் கேட்டு வந்தார். அவளும் தட்டாமல் சிங்களத்திலேயே சொல்லி வந்தாள். எதிரே ஸ்ரீஸ்கந்தராசா நின்றார். உரைபெயர்ப்பாளர் அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்த வாகனம் கோட்டுக்கு முன்னால் நின்றதை நீங்கள் பார்த்தீர்களா?"

ருக்கியா நிமிர்ந்து ஸ்ரீஸ்கந்தராசாவைப் பார்த்தாள்.

"இல்லை. நான் பார்க்கவில்லை."

நாகேந்திரத்தின் கையிலிருந்த பேனை அப்படியே நின்றது. ஆனால் ருக்கியா அவரைப் பார்க்கவில்லை. ஸ்ரீஸ்கந்தராசாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்து இலேசாகத் தலையாட்டிக்கொண்டு நின்றார், நல்லதைத்தான் சொல்லியிருப்பாள் என்ற நம்பிக்கையோடு. உரைபெயர்ப்பாளர் அவர் காதடியில் குனிந்தார். தலையாட்டல் நின்றது. அவர் முகத்தில் கோபம் வரவில்லை. கூட்டத்தில் கைவிட்டுப்போன பிள்ளை போல ஒரு திகைப்புத்தான் வந்தது. அதை ருக்கியாவால் தாங்க முடியவில்லை. ஆனாலும் அவள் கண்ணை எடுக்கவில்லை. அந்த முகத்தைப் பார்க்கத் தான் கடமைப்பட்டவள் என்று அவளுக்குத் தோன்றியது.

"பார்க்காதவர் எதற்காக அம்மா இவ்வளவு தரம் நீதிமன்றத்துக்கு வந்தீர்கள்?" என்று நீதவான் நேராகவே கேட்டார்.

"அவர் என் மகளுக்காக வந்தார், கனம் நீதவானே. அதனால் நான் அவருக்காக வந்தேன்."

மண்டபத்தில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. "சரி. உங்களுக்கு என்ன தெரியும்? தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்."

"மகளின் தலை என் மடியில் இருந்தது. நான் குனிந்திருந்தேன். அதனால் வீதியைக் காணவில்லை. காது திறந்துதான் இருந்தது. விசில் சத்தம் எதுவும் கேட்கவில்லை. வாகனம் வேகம் குறைந்து தானாக நின்றது. சடாரென்று நின்றிருந்தால் மகள் என் மடியிலிருந்து விழுந்திருப்பாள். நின்ற பிறகுதான் சப்பாத்துச் சத்தம் கேட்டது."

"ஓடி வந்த சத்தமா?"

"இல்லை. நடந்து வந்த சத்தம்."

"எந்தப் பக்கமிருந்து?"

ருக்கியா கண்ணை மூடி யோசித்தாள். "முன்பக்கமிருந்து. முதலில் முன் ஜன்னலுக்கு வந்தார். அவரோடு கதைத்துவிட்டுத்தான் பின்னால் என்னிடம் வந்தார்."

நீதவான் பொலிஸ்காரனைத் திரும்பக் கூப்பிட்டார். விசில் ஊதியது நிச்சயமாக நினைவிருக்கிறதா, பின்னால் ஓடியது நினைவிருக்கிறதா என்று கேட்டார். அவன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் வாகனம் மறிக்கிறோம், இது நடந்து பல மாதம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றான் கடைசியில். ஆனால் வாகனம் கோட்டைத் தாண்டித்தான் நின்றது, அது நினைவிருக்கிறது என்றான். அதை அவன் ஒப்புவிப்பது போலச் சொல்லவில்லை. ருக்கியாவுக்கே அது மெய்போலப் பட்டது.

வழக்கை நடத்திய அதிகாரியும் நாகேந்திரமும் நீதவானின் மேசையடியில் போய்க் குசுகுசுத்தார்கள். நிற்காமல் போனார் என்ற குற்றச்சாட்டை எடுத்துவிட்டு, கோட்டைத் தாண்டி நிறுத்தினார் என்று மாற்றுவதாகச் சொன்னார்கள். நாகேந்திரம் வந்து ஸ்ரீஸ்கந்தராசாவிடம், "ஓம் எண்டு சொல்லுங்கோ ஐயா. இதுக்கு மேலை நல்லா வராது," என்றார்.

ஸ்ரீஸ்கந்தராசா எங்கேயோ பார்த்தபடி, "குற்றவாளி," என்றார். சின்னத் தண்டம். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

வெளி விறாந்தையில், திரும்பக் கிடைத்த அனுமதிப்பத்திரத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றவரிடம் அலவி போனார். "ஓட்டோ புடிச்சிரிக்கி. வாங்க அண்ணன், ஒண்டாப் போவோம்."

"இல்லை, நான் பஸ்ஸிலை வாறன்." பிறகு ருக்கியாவைப் பார்த்தார். "முந்தியே சொல்லியிருக்கலாம், தங்கச்சி."

"சொல்லியிருந்தா நீங்க வழக்குப் பேசியிருக்க மாட்டீங்க, அண்ணன்."

அவர் படியிறங்கினார். முச்சக்கர வண்டியில் வரும் வழியெல்லாம் ருக்கியா தன் பதிலைத் தானே புரட்டிப் பார்த்தாள். அது முழு உண்மை அல்ல. நன்றி கெட்டவள் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயத்தில்தான் வாய் மூடியிருந்தாள். அவருக்கு நல்லது செய்வதாக நினைத்து மூடியிருந்தது எவ்வளவு, தனக்காக மூடியிருந்தது எவ்வளவு என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"மெய்யத்தானே சொன்ன. இனி என்னத்துக்கு அழுற?" என்றார் அலவி.

அதன் பிறகு கீழ்வீட்டுக் கதவு அவளுக்குச் சாத்தியது போலாகிவிட்டது. ஸ்ரீஸ்கந்தராசா கண்டால் தலையசைப்பார், அவ்வளவுதான். சரோஜினிதேவி அதுவும் இல்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ருக்கியா வழக்கம்போல வட்டிலப்பம் கொடுத்தனுப்பினாள். முந்திய வருடங்களில் அந்தத் தட்டு நாலைந்து நாள் கழித்து முறுக்கோ பயற்றம் பணியாரமோ நிரம்பித்தான் திரும்பும். இந்த முறை அந்த மணித்தியாலமே கழுவித் துடைத்து, வெறுந்தட்டாக வந்துவிட்டது. கூண்டில் ஒரு வசனம் சொல்லாததற்கு இதுதான் கூலி என்று ருக்கியா அதை வாங்கி அடுக்கினாள்.

சில கிழமைகள் போயின. ஒருநாள் சுபஹுத் தொழுகைக்கு எழும்பிய நேரம், ஒழுங்கையின் இரு முனையிலும் லொறிகள் வந்து நின்றன. முதல்நாள் நகரத்தில் குண்டு வெடித்திருந்தது. ஆமிக்காரரும் பொலிஸாரும் வீடுவீடாக ஆண்களை எழுப்பி வீதியில் நிறுத்தினார்கள். ருக்கியா மேல்மாடி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீஸ்கந்தராசா ஒரு உறையோடு நின்றார். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, வேலைத்தலக் கடிதம், சாரதி அனுமதிப்பத்திரம் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். தண்டம் கட்டிய ரசீதையும் விரித்துக் காட்டினார், தான் தடையில் நிற்காமல் போனவனல்ல என்பதற்கு அத்தாட்சியாக. அதிகாரி அடையாள அட்டையில் பிறந்த இடத்தை மட்டும் பார்த்தார். யாழ்ப்பாணம். மற்ற எதையும் அவர் வாசிக்கவே இல்லை. முக்கால் வருடம் ஓடி ஓடிக் குற்றச்சாட்டில் மாற்றிய அந்த ஒரு சொல்லுக்கு அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை. லொறியில் ஏறச் சொன்னார்கள், ஏறினார்.

பொழுது நன்றாக விடிந்த பிறகு ருக்கியாவின் கதவு தட்டப்பட்டது. சரோஜினிதேவி நின்றாள். தலை வாரியிருக்கவில்லை.

"ருக்கியா, எனக்குச் சிங்களம் வராது," என்றாள். அதற்கு மேல் பேச முடியாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

ருக்கியா சேலையை மாற்றினாள். "சோறு கொஞ்சம் கட்டிக்கிட்டுப் போவோம். அங்க குடுப்பாங்களோ தெரியா," என்றாள். போகவா என்று அலவியிடம் அவள் கேட்கவில்லை. அலவியும் தடுக்கவில்லை. செலவுக்கென்று காசை எடுத்து அவள் கையில் திணித்தார்.

பொலிஸ் நிலைய வாசலில் பெண்கள் கூட்டம் நெருக்கியடித்தது. ருக்கியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, இடித்துப் பிடித்து மேசைவரை போனாள். பெயரைச் சொன்னாள், முகவரியைச் சொன்னாள். சுகமில்லாத மனிதர், மருந்து குடிக்கிறவர், சாப்பாட்டை மட்டுமாவது கொடுக்க விடுங்கள் என்று கெஞ்சினாள். உனக்கு அவர் என்ன வேண்டும் என்று மேசையிலிருந்தவர் கேட்டார். கீழ்வீட்டுக்காரர் என்றாள். அவர் அவளை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். விசாரித்து விடுவோம், நாளைக்கு வாருங்கள் என்றார். அன்று முழுக்க இரண்டு பெண்களும் எதிரே மதிலடியிலேயே இருந்தார்கள். மறுநாளும் போனார்கள். பின்னேரம் சிலரை விட்டார்கள். அதில் ஸ்ரீஸ்கந்தராசாவும் ஒருவர்.

தாடி முளைத்த முகம், கசங்கிய சேட்டு. ஒரு கன்னம் வீங்கியிருந்தது. இருவரும் அதைக் கண்டார்கள், கேட்கவில்லை. மூவரும் காலிக்குப் போகும் பெருவீதியால் மெதுவாக நடந்தார்கள். வெகுதூரம் வந்த பிறகுதான் அவர் வாய் திறந்தார்.

"அண்டைக்கு நான் கோட்டைப் பாக்கேல்லை, தங்கச்சி."

ருக்கியா திரும்பிப் பார்த்தாள்.

"பிள்ளை கத்தின கத்திலை, கண்ணாடியிலை அவவைத்தான் பாத்துக்கொண்டு கார் ஓடினனான். நிப்பாட்டினது தெரியும். எங்கை நிப்பாட்டினன் எண்டு எனக்குத் தெரியாது."

"அப்ப கோட்டுக்கு முன்னாலை எண்டு ஏன் கூண்டிலை சொன்னியள்?" என்று சரோஜினிதேவி கேட்டாள்.

"சொல்லிச் சொல்லி அப்பிடித்தான் எண்டு நம்பியிட்டன். உள்ளுக்கை இருக்கேக்கை யோசிக்க நேரம் கிடைச்சுது."

ஒழுங்கைக்குள் திரும்பியபோது சரோஜினிதேவி ருக்கியாவின் முழங்கையைப் பிடித்தாள். "மேலை போகாதேங்கோ. வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்."

உள்ளே போனதும் ஸ்ரீஸ்கந்தராசா சாய்மனைக் கதிரையில் சரிந்தார். சப்பாத்தைக் கழற்றவும் இல்லை, அப்படியே உறங்கிப்போனார். தண்ணீர் கொதிக்கும்வரை ருக்கியா அடுப்படி வாசலில் நின்றாள். சரோஜினிதேவி சீனிப் போத்தலைத் திறக்க முடியாமல் தடுமாற, ருக்கியா வாங்கித் திறந்து கொடுத்தாள். பிறகு இருவரும் குசினித் தரையில் உட்கார்ந்து, அவர் எழும்பிவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்தி, நாளைக்கு எந்த டொக்டரிடம் காட்டுவது என்று கதைத்தார்கள்.